பொதுப்பணத்தில் விளைந்த அறிவு யாருக்கு உரியது?

குடிமக்களிடமிருந்து வரியாகத் திரட்டிய பணத்தைக் கொண்டு அரசு ஒரு சாலை அமைத்தால், அச்சாலையில் நடக்கும் உரிமை யாருக்கு என்று எவரும் கேட்பதில்லை. பாலம் கட்டினால் அதைக் கடக்கும் உரிமை குறித்தும் ஐயம் எழுவதில்லை. அதே பணத்தைக் கொண்டு ஆய்வுக்கூடம் நிறுவி, ஆய்வாளருக்கு ஊதியம் அளித்து, பல்லாண்டு உழைப்பின் பயனாக இயற்பியலிலோ பொருளியலிலோ மனித நடத்தை பற்றிய உளவியலிலோ ஓர் உண்மை கண்டறியப்படும்போது மட்டும், அவ்வுண்மையைப் படித்தறியும் உரிமை யாருக்கு என்பது தீராத வழக்காக நீடிக்கிறது. ஆய்வை நடத்தச் செலவிட்ட மக்களே அதன் முடிவைப் படிக்க மீண்டும் விலை கொடுக்க வேண்டும் என்பது நடைமுறையாகி, நடைமுறை பழக்கமாகி, பழக்கம் இயல்பென்று தோன்றும் நிலைக்கு நாம் வந்திருக்கிறோம். இந்நிலை ஏற்கத்தக்கதன்று என்பதே இத்தலையங்கத்தின் துணிபு.

நிலமும் பொன்னும் பகிர்ந்தால் குறையும். அறிவு பகிர்வதால் குறைவதில்லை. மேலும், ஓர் ஆய்வு முடிவு பிறரால் படிக்கப்பட்டு, ஆராயப்பட்டு, தேவையாயின் மறுக்கவும் பட்ட பின்னரே அறிவு என்னும் தகுதியைப் பெறுகிறது. யாரும் படிக்க இயலாத இடத்தில் வைக்கப்பட்ட ஆய்வு, பிழையுடையதாயின் திருத்தப்படுவதில்லை; சரியானதாயின் பயன்படுவதில்லை. அச்சிடுவோருக்கும் பதிப்பிப்போருக்கும் அவர்தம் உழைப்புக்குரிய ஊதியம் சேர வேண்டும் என்பதில் நமக்கு மாறுபாடு இல்லை. நூலாசிரியரின் உழைப்பைத் திருடி விற்பவருக்காக நாம் வாதாடவும் இல்லை. ஆனால் ஊதியம் என்பது ஒன்று. வாயிலை அடைத்து நின்று வரி தண்டுவது என்பது வேறு. இவ்விரண்டையும் பிரித்தறிவதே சட்டத்தின் கடமை, அரசின் கடமை, ஆய்வாளரின் கடமை.

இக்கொள்கை நமக்குப் புதிதன்று. சீர்காழியில் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பணியாற்றிய சீ.இரா. அரங்கநாதன், 1931இல் வெளியிட்ட தம் நூலகவியல் விதிகளில், நூல்கள் பூட்டிக் காக்கப்படுவதற்கல்ல, பயன்கொள்ளப்படுவதற்கே என்பதை முதல் விதியாக வகுத்தார். நாடு விடுதலை பெற்ற காலத்தில் தில்லிப் பல்கலைக்கழகத்திற்கு அழைக்கப்பட்டு, அங்கே நூலகவியலை உயர்கல்விப் பாடமாக வளர்த்தவரும் அவரே. நூலகம் என்பது கற்றோர் சிலரின் சேமிப்பறை அன்று, வரி செலுத்தும் ஒவ்வொருவரும் உரிமையோடு நுழையும் பொதுவிடம் என்னும் எண்ணத்தை, 1948ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டமாக வடித்தெடுத்ததில் அவருக்கு முதன்மையான பங்குண்டு. நூலகங்களுக்கென்று தனி வரி விதித்த அச்சட்டத்தின் வழியில்தான் இன்றும் தமிழ்நாட்டில் சொத்துவரி செலுத்தும் ஒவ்வொரு வீட்டுக்காரரும் நூலக வரியும் சேர்த்துச் செலுத்துகிறார்.

அரங்கநாதன் பணியாற்றிய அதே தில்லிப் பல்கலைக்கழக வளாகத்தில், அவர் வகுத்த முதல் விதி நீதிமன்றத்தின் முன் சோதிக்கப்பட்டது. 1949இல் வி.கே.ஆர்.வி. ராவ் நிறுவிய தில்லிப் பொருளியல் பள்ளியின் வளாகத்துக்குள், பல்கலைக்கழகத்தின் உரிமம் பெற்று, இராமேசுவரி நகலகம் என்னும் சிறு கடை இயங்கிவந்தது. ஆசிரியர்கள் தம் பாடத்திட்டத்தில் குறித்த கட்டுரைகளையும் நூல்களின் இயல்களையும் நூலகத்திலிருந்து எடுத்து நகலெடுத்து, ஒன்றாகக் கட்டி, பக்கத்துக்குச் சில பைசா என்ற கணக்கில் அக்கடை மாணவருக்கு அளித்தது. ஒரு நூலிலிருந்து முப்பது பக்கம், மற்றொன்றிலிருந்து ஐம்பது பக்கம் என்று அமைந்த அத்தொகுப்பை ஒரு மாணவர் தனித்தனி நூல்களாக வாங்க முற்பட்டிருந்தால், அவர் குடும்பத்தின் பல மாத வருவாய் அதற்கே போயிருக்கும். சிற்றூரிலிருந்து தொடர்வண்டி ஏறித் தலைநகருக்கு வந்து, விடுதியில் இடம் கிடைக்காமல் பலரோடு ஓர் அறையைப் பகிர்ந்துகொண்டு படிக்கும் முதல் தலைமுறை மாணவருக்கு, சுருள்கம்பியிட்டுக் கட்டிய அந்த நகல் தொகுப்பே நூலகம்.

2012 ஆகஸ்டில் ஆக்சுபோர்டு, கேம்பிரிட்சு ஆகிய பல்கலைக்கழகப் பதிப்பகங்களும் டெய்லர் அண்டு பிரான்சிசு நிறுவனமும், பதிப்புரிமை மீறப்பட்டது என்று கூறி, அக்கடையின் மீதும் பல்கலைக்கழகத்தின் மீதும் தில்லி உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்து, 60 இலட்சம் ரூபாய் இழப்பீடு கோரின. இடைக்காலத் தடை பிறந்தது. நகல் தொகுப்புகள் நின்றன. அப்போது எழுந்த எதிர்ப்பில் நம் கருத்தை மிகவும் ஈர்த்த செய்தி ஒன்றுண்டு. மாணவர்கள் சங்கம் அமைத்து வழக்கில் தம்மையும் சேர்த்துக்கொண்டது எதிர்பார்க்கத்தக்கதே. ஆனால், எந்த நூல்களின் உரிமை பறிபோயிற்று என்று பதிப்பகங்கள் முறையிட்டனவோ, அந்நூல்களின் ஆசிரியர்களே பலர், தம் எழுத்தை மாணவர் நகலெடுத்துப் படிப்பதில் தமக்கு வருத்தமில்லை என்றும், தம் பெயரால் இவ்வழக்கு நடத்தப்படுவதே வருத்தம் தருகிறது என்றும் வெளிப்படையாக எழுதினார்கள். அமர்த்தியா சென் போன்றோரும் பதிப்பகத்தாரை இவ்வழக்கைக் கைவிடுமாறு வேண்டினர்.

2016 செப்டம்பர் 16 அன்று நீதியரசர் இராசீவ் சகாய் எண்டுலா வழங்கிய தீர்ப்பு, நம் நாட்டின் அறிவுரிமை வரலாற்றில் ஒரு மைல்கல். கற்பித்தலின் பொருட்டு ஆசிரியரோ மாணவரோ செய்யும் படியெடுப்பு உரிமை மீறலாகாது என்று 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு கூறுவதை, வகுப்பறையின் நான்கு சுவர்களுக்குள் மட்டும் அடக்கிப் பொருள்கொள்ள அவர் மறுத்தார். மாணவர் தாமே கையால் எழுதி எடுத்தால் குற்றமாகாத செயல், பொறியின் துணைகொண்டு செய்யப்படுவதால் மட்டும் குற்றமாகிவிடாது என்பது அவர் கண்ட முடிவு. பதிப்புரிமை என்பது பிறப்போடு வந்த இயற்கை உரிமையன்று; அறிவு பெருகிப் பொதுமக்கள் பயனடைய வேண்டும் என்பதற்காகச் சட்டம் வழங்கிய உரிமை என்பதே அத்தீர்ப்பின் அடித்தளம். அவ்வாண்டு டிசம்பரில் இருநீதியர் ஆயம் இக்கொள்கையை உறுதி செய்து, கற்பித்தலுக்குத் தேவையான அளவில்தான் படியெடுக்கப்பட்டதா என்னும் உண்மை பற்றிய வினாவை மட்டும் விசாரணைக்கு அனுப்பியது. 2017 மார்ச்சில் பதிப்பகங்கள் தாமாகவே வழக்கைக் கைவிட்டன. அவர்கள் அம்முடிவுக்கு வந்தது பாராட்டுக்குரியது. ஆனால் மாணவர் பெற்ற வெற்றியைச் சட்டத்தின் நல்வினை என்று மட்டும் கருதி அமைதியடைந்தது நம் பிழையாயிற்று. பாடநூலின் இயல்களுக்கு வாயில் திறந்தது. ஆய்விதழ்களின் வாயில் திறக்கவில்லை.

ஆய்விதழ் எவ்வாறு உருவாகிறது என்பதை வாசகர் ஒருமுறை உற்றுநோக்க வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழுவின் உதவித்தொகையாக மாதம் 37,000 ரூபாய் பெறும் ஓர் இளநிலை ஆய்வாளர், பொதுப்பணத்தில் வாங்கிய கருவியைக் கொண்டு, பொதுப்பணத்தில் ஊதியம் பெறும் பேராசிரியரின் வழிகாட்டுதலில் ஆய்வை முடித்துக் கட்டுரையாக்குகிறார். இதழாசிரியர் அதை மதிப்பீட்டுக்காக வேறு இரு பேராசிரியர்களுக்கு அனுப்புகிறார். அவர்கள் தம் மாலைப் பொழுதுகளையும் விடுமுறைகளையும் செலவிட்டு, வரி வரியாகப் படித்து, பிழை சுட்டித் திருப்பி அனுப்புகின்றனர். அதற்காக ஒரு காசும் பெறுவதில்லை. கட்டுரை ஏற்கப்பட்டதும் உரிமை மாற்றப் படிவம் ஒன்று வருகிறது. பெரும்பாலும் அதைப் படித்துப்பாராமலே கையொப்பமிட்டு, தம் எழுத்தின் முழு உரிமையையும் பதிப்பகத்துக்கு ஆய்வாளர் எழுதிக் கொடுத்துவிடுகிறார். சில வாரங்களில் அக்கட்டுரை இணையத்தில் வெளியாகிறது. அதைப் படிக்க அவருடைய கல்லூரி நூலகம் சந்தா செலுத்தியிருக்க வேண்டும்; இல்லையேல், எழுதியவரின் உடன்பயிலும் நண்பரும் அதைத் திறக்க இயலாது. ஊரார் கூடி வெட்டிய ஏரியின் மதகில் ஒருவர் அமர்ந்து, அவ்வூர் உழவரிடமே தண்ணீருக்கு விலை கேட்பதற்கு ஒப்பானது இது. உலகின் பெரிய ஆய்விதழ்ப் பதிப்பு நிறுவனங்கள் தம் வருவாயில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஆதாயமாகக் காட்டுகின்றன என்றால், வேறெத்தொழிலிலும் அரிதான அவ்வாதாயம் எங்கிருந்து வருகிறது என்பதை விளக்க வேண்டியதில்லை.

வெளிநாட்டு நிறுவனங்களை மட்டும் குறை கூறி நாம் ஒதுங்கிவிட முடியாது. நம் கையிலிருந்தவற்றை நாமே ஒப்படைத்த வரலாறும் உண்டு. 1926இல் கல்கத்தாவில் சர் சி.வி. இராமன் தொடங்கிய இந்திய இயற்பியல் ஆய்விதழில்தான், 1928 மார்ச்சில், இராமன் விளைவு பற்றிய அவருடைய விரிவுரை அச்சேறியது. அதன் படிகளை உலகெங்கும் உள்ள அறிவியலாளர்களுக்கு அவர் அஞ்சலில் அனுப்பினார்; இரண்டே ஆண்டுகளில் நோபல் பரிசு வந்து சேர்ந்தது. மகலனோபிசு 1933இல் ‘சாங்கியா’ என்னும் புள்ளியியல் இதழைத் தொடங்கினார். புள்ளியியல் பயிலும் மாணவர் எந்த நாட்டில் இருந்தாலும் இன்றும் முதலாண்டிலேயே கற்கும் தேற்றங்களை, இருபத்தைந்து வயது நிரம்பாத சி.ஆர். ராவ், 1945இல் கல்கத்தா கணிதக் கழகத்தின் அறிக்கையிதழில்தான் வெளியிட்டார். அக்கட்டுரையின் பெருமை 78 ஆண்டுகள் கழித்தும் மங்காமல், 2023இல் பன்னாட்டுப் புள்ளியியல் பரிசை அவருக்குப் பெற்றுத் தந்தது. மேலை நாட்டு இதழொன்றின் முத்திரை இல்லாமலே உலகம் அவற்றைத் தேடி வந்து படித்தது.

அவ்விதழ்களின் இன்றைய நிலை என்ன? இந்திய இயற்பியல் ஆய்விதழும் சாங்கியாவும் இசுபிரிங்கர் நிறுவனத்தின் வழியே வெளிவருகின்றன. தில்லிப் பொருளியல் பள்ளியே 1952 முதல் வெளியிட்டுவந்த இந்தியப் பொருளியல் ஆய்விதழும் அந்நிறுவனத்தின் பட்டியலில் இருக்கிறது. உளவியல் துறையில் தேசிய உளவியல் கழகத்தின் இதழும் அங்கேயே. நகலகத்துக்காக வழக்காடிய அதே வளாகத்தின் பொருளியல் இதழைப் படிப்பதற்கு, அவ்வளாகத்துக்கு வெளியே உள்ள எவரும் ஓர் அயல்நாட்டு நிறுவனத்தின் விலையைக் கொடுக்க வேண்டும். அச்சுச் செலவும் இணையப் பராமரிப்பும் தாங்க இயலாமையாலும், உலகளாவிய தரவரிசைப் பட்டியலில் இடம்பெற வேண்டும் என்னும் ஆவலாலும் இம்முடிவுகள் எடுக்கப்பட்டன என்பதை நாம் அறிவோம். அவ்விதழ்களை நடத்தும் அறிஞர்களின் நேர்மையில் நமக்கு ஐயம் சிறிதும் இல்லை. ஆனால் அவர்களை அந்நிலைக்குத் தள்ளியது அரசின் புறக்கணிப்பு. உள்நாட்டு உற்பத்தியில் நூற்றுக்கு 0.64 பங்கையே ஆய்வுக்கு ஒதுக்கும் நாடு, ஆய்வின் கடைசிப் படியாகிய வெளியீட்டுக்குப் போதிய நிதி ஒதுக்காமல் விட்டதில் வியப்பில்லை.

இப்பின்னணியில்தான் ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்தை நாம் எடைபோட வேண்டும். 2024 நவம்பர் 25 அன்று ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் அளித்த இத்திட்டம், 2025 முதல் 2027 வரையிலான மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் செலவில், 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்களை, ஒன்றிய, மாநில அரசுகளின் 6,300 கல்வி, ஆய்வு நிறுவனங்களுக்குத் திறந்துவிட்டிருக்கிறது. ஒரு கோடியே எண்பது இலட்சம் மாணவரும் ஆசிரியரும் ஆய்வாளரும் இதனால் பயன்பெறுவர் என்று அரசு கூறுகிறது. இதன் அருமையைக் குறைத்து மதிப்பிட நாம் விரும்பவில்லை. நேற்றுவரை தலைநகரின் பெரிய நிறுவனங்களுக்கு மட்டுமே எட்டிய இதழ்கள், இன்று திருநெல்வேலியிலோ தருமபுரியிலோ உள்ள ஓர் அரசுக் கல்லூரியின் கணினியில் திறக்கின்றன. ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனியே பேரம் பேசி அதிக விலை கொடுத்த நிலை மாறி, நாடு முழுவதற்குமாக ஒரே பேரம் நடந்திருக்கிறது. இது நல்ல செயல். உரிய காலத்தில் நடந்த செயல் என்று சொல்ல இயலாவிடினும் நல்ல செயல்.

ஆயினும் இத்திட்டம் வாயிலைத் தகர்க்கவில்லை. ஒரு குறிப்பிட்ட காலத்துக்கு நுழைவுச்சீட்டு வாங்கித் தந்திருக்கிறது. 2027 டிசம்பர் இறுதியில் ஒப்பந்தம் முடியும்போது, நாடு முழுவதும் பழகிவிட்ட இதழ்களைத் திடீரென நிறுத்த எந்த அரசும் துணியாது என்பதைப் பதிப்பகங்கள் நன்கறியும். அடுத்த பேரத்தில் எவர் கை ஓங்கியிருக்கும் என்பதை ஊகிப்பது கடினமன்று. மேலும், தமிழ்நாட்டில் பொறியியல் பயில்வோரில் மிகப் பெரும்பாலோர் தனியார் கல்லூரிகளில் பயில்கின்றனர். அக்கல்லூரிகள் இதில் அடங்கவில்லை. பணி ஓய்வு பெற்ற பேராசிரியர், நோயாளிக்குப் புதிய மருத்துவம் உண்டா என்று தேடும் சிற்றூர் மருத்துவர், எந்நிறுவனத்தையும் சாராது தம் சொந்த முயற்சியில் வரலாறும் பொருளியலும் ஆராய்பவர், தம் ஊர் நிலத்தடி நீரைப் பற்றிய ஆய்வு முடிவைத் தேடும் உழவர் சங்கத்தார் ஆகிய யாவரும் வரி செலுத்துகின்றனர். அவர்களுள் யாருக்கும் இத்திட்டத்தில் இடமில்லை.

வாசிப்போரிடம் பெறும் விலையைக் கைவிட்டு, எழுதுவோரிடம் பெறுவது என்னும் மாற்று வழியும் பரவிவருகிறது. கட்டுரையை அனைவரும் இலவயமாகப் படிக்கலாம்; ஆனால் அதை வெளியிட எழுதியவர் கட்டணம் செலுத்த வேண்டும். புகழ்பெற்ற ‘நேச்சர்’ இதழ் இதற்காக 2020இல் அறிவித்த கட்டணம் 9,500 யூரோ. நம் இளநிலை ஆய்வாளர் ஒருவர் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளில் பெறும் உதவித்தொகை முழுவதும் அந்த ஒரு கட்டுரைக்கே போய்விடும். படிப்பதற்குப் பணமில்லாத நிலையிலிருந்து எழுதுவதற்குப் பணமில்லாத நிலைக்கு மாறுவது முன்னேற்றமாகாது. பதவி உயர்வுக்கும் முனைவர் பட்டத்துக்கும் கட்டுரைகளின் எண்ணிக்கையையே அளவுகோலாக்கிய நம் நடைமுறை இக்கேட்டை மேலும் வளர்த்தது. பணம் பெற்றுக்கொண்டு எதையும் வெளியிடும் போலி இதழ்கள் புற்றீசல்போல் பெருகின. 2018இல் பல்கலைக்கழக மானியக் குழுவே தன் ஏற்புப் பட்டியலிலிருந்து 4,305 இதழ்களை ஒரே நேரத்தில் நீக்க நேர்ந்தது. முனைவர் பட்டத்துக்குக் கட்டுரை வெளியீடு கட்டாயம் என்ற விதியை 2022இல் அக்குழு கைவிட்டது சரியான திருத்தமே. ஆனால் எண்ணிக்கையை வழிபடும் மனப்போக்கு விதியோடு சேர்ந்து நீங்கிவிடவில்லை.

பதிப்பகம் அடைக்கும் வாயிலைப் பற்றிப் பேசுகின்ற நாம், அரசே அடைத்த வாயிலைப் பற்றி வாய் திறவாதிருந்தால் நம் வாதம் நடுநிலை இழக்கும். 2017-18ஆம் ஆண்டின் வேலைவாய்ப்பு ஆய்வறிக்கை தேசியப் புள்ளியியல் ஆணையத்தின் ஒப்புதல் பெற்ற பின்னும் வெளியிடப்படாததைத் தொடர்ந்து, அவ்வாணையத்தின் உறுப்பினர் இருவர் 2019 சனவரியில் பதவி விலகினர். அவர்களுள் ஒருவர் தில்லிப் பொருளியல் பள்ளியின் பேராசிரியர். வேலையின்மை நூற்றுக்கு 6.1 என்று காட்டிய அவ்வறிக்கை தேர்தல் முடிந்து மே 31 அன்று வெளிவந்தது. அதே ஆண்டு நவம்பரில், 2017-18ஆம் ஆண்டின் நுகர்வுச் செலவு ஆய்வு, தரவின் தரம் சரியில்லை என்று கூறப்பட்டு, முற்றாகவே நிறுத்திவைக்கப்பட்டது. களப்பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று, அரிசிக்கு எவ்வளவு, எண்ணெய்க்கு எவ்வளவு, பிள்ளையின் பள்ளிக்கு எவ்வளவு என்று கேட்டுத் திரட்டிய விடைகள் அவை. அவற்றின் தரத்தில் குறையிருந்தால், தரவை வெளியிட்டு, குறையையும் சேர்த்துச் சொல்லி, அறிஞர்களை ஆராயவிடுவதே முறை. அவ்வாறு செய்யாததன் விளைவாக, 2011-12க்கும் 2022-23க்கும் இடைப்பட்ட காலத்தில் இந்நாட்டில் வறுமை குறைந்ததா கூடியதா என்பது பற்றி அறிஞர்கள் ஊகங்களைக்கொண்டே வாதிட நேர்ந்தது. பெருந்தொற்றுக் காலத்தில் எத்தனை குடும்பங்களுக்கு எவ்வளவு உதவி தேவை என்று கணக்கிட வேண்டிய வேளையில், கையில் இருந்தது ஏறத்தாழப் பத்தாண்டுக்கு முந்திய கணக்கு.

அடைக்கப்பட்ட வாயில்கள் சட்டத்தைப் புறக்கணிக்கும் குறுக்கு வழிகளுக்கு இடமளிக்கும் என்பதும் கண்கூடு. ஆய்வுக் கட்டுரைகளை உரிமையாளரின் இசைவின்றி வழங்கும் ‘சை-அப்’ தளத்தின் மீது 2020 டிசம்பரில் மூன்று பெரும் பதிப்பாளர்கள் தில்லி உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தனர். 2025 ஆகஸ்டில் அத்தளத்தை இந்தியாவில் முடக்க நீதிமன்றம் ஆணையிட்டது. சட்டத்தை மீறுவோரிடத்தில் நீதிமன்றம் கண்டிப்புக் காட்டுவது இயல்பு. அதை நாம் குறைகூறவில்லை. எனினும், களவென்று தெரிந்தும் ஆயிரக்கணக்கான நேர்மையான மாணவர் அவ்வழியை ஏன் நாடினர் என்ற கேள்விக்கு நீதிமன்றம் விடை தர இயலாது. சட்டமியற்றும் மன்றமே தர வேண்டும்.

விடை தொலைவில் இல்லை. தில்லியின் பூசா வளாகப் பகுதியில் ஒரு சாலை, வத்திராயிருப்பில் பிறந்த தமிழர் ஒருவரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. இராமனோடு சேர்ந்து இராமன் விளைவைக் கண்டறிவதில் பங்கேற்று, 1947இல் தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநராகப் பொறுப்பேற்று, 1961இல் மறையும்வரை அதைக் கட்டி வளர்த்து, அதற்கிடையிலும் தமிழில் அறிவியல் எழுதுவதில் ஆர்வம் குன்றாதிருந்த கரியமாணிக்கம் சீனிவாச கிருட்டிணன் அவர். அந்த டாக்டர் கே.எசு. கிருட்டிணன் சாலையில், அவ்வாய்வகத்தின் அண்மையிலேயே, அறிவியல் தொழிலக ஆய்வு மன்றத்தின் அறிவியல் தொடர்பு நிறுவனம் இயங்குகிறது. 1942இல் தொடங்கிய அறிவியல் தொழிலக ஆய்விதழ் முதலாகப் பல துறை இதழ்களை அது வெளியிட்டு, அவற்றின் கட்டுரைகளை இணையத்தில் எவரும் விலையின்றிப் படிக்க வைத்திருக்கிறது. பெங்களூரில் இராமன் நிறுவிய இந்திய அறிவியல் அகாதமியும் தன் இதழ்களின் கட்டுரைகளைத் தன் தளத்தில் இலவயமாகவே தருகிறது. இவை செல்வச் செழிப்பில் நடப்பவை அல்ல. அரசு நிதியில், குறைந்த ஊழியரோடு, கடமை உணர்வில் நடப்பவை. பிரேசில் நாடு 1990களின் இறுதியில் ‘சையெலோ’ என்னும் பொதுத் தளத்தை அமைத்து, தன் நாட்டு ஆய்விதழ்களைப் படிப்போருக்கு விலையின்றித் திறந்துவிட்டது. இன்று இலத்தீன் அமெரிக்க நாடுகள் பலவும் தென்னாப்பிரிக்காவும் அதில் இணைந்திருக்கின்றன. செல்வம் மிக்க மேலை நாடுகளின் எடுத்துக்காட்டு நமக்குப் பொருந்தாது என்று சொல்வோருக்கு இது தக்க மறுமொழி.

அறிவியல் தொழில்நுட்பத் துறையும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் தாம் நிதியளிக்கும் ஆய்வின் கட்டுரைகள் பொதுக் களஞ்சியத்தில் வைக்கப்பட வேண்டும் என்று 2014 டிசம்பரிலேயே கொள்கை வகுத்தன. பன்னிரண்டாம் ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் வகுத்த அக்கொள்கை ஏட்டளவில் நிற்கிறது. ஏனெனில், வைக்கத் தவறியவருக்கு அடுத்த நிதி மறுக்கப்படும் என்னும் விதி இல்லை. முனைவர் பட்ட ஆய்வேடுகளைச் ‘சோத்கங்கா’ களஞ்சியத்தில் வைத்தாக வேண்டும் என்று மானியக் குழு கட்டாயப்படுத்தியபோது பல இலட்சம் ஆய்வேடுகள் வந்து குவிந்தன என்பதை இங்கு நினைவூட்டுகிறோம். கட்டாயம் இருந்த இடத்தில் பணி நடந்தது. வேண்டுகோள் இருந்த இடத்தில் நடக்கவில்லை.

ஆகவே, 2023ஆம் ஆண்டுச் சட்டத்தால் நிறுவப்பட்ட அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி நிறுவனம், தான் வழங்கும் ஒவ்வொரு ரூபாய்க்கும் உரிய கட்டுரையும் தரவும் பொதுக் களஞ்சியத்தில் வைக்கப்படுவதை நிதிபெறுதலின் நிபந்தனையாக்க வேண்டும். ஒரே நாடு ஒரே சந்தாவுக்கு ஆண்டுக்குச் செலவாகும் 2,000 கோடியில் பத்தில் ஒரு பங்கையேனும் நம் கழகங்களும் பல்கலைக்கழகங்களும் நடத்தும் இதழ்களை மீட்டெடுக்க ஒதுக்க வேண்டும். இந்தியப் பொருளியல் ஆய்விதழும் சாங்கியாவும் மீண்டும் தம் சொந்தத் தளத்தில், எவரும் படிக்கும் வண்ணம் வெளிவரும் நாளுக்கு ஒரு காலவரையறை குறிக்கப்பட வேண்டும். அடுத்த ஒப்பந்தப் பேச்சு தொடங்கும்போது, பொது நூலகத்துக்கு வரும் எந்த வாசகருக்கும் அவ்விதழ்கள் திறக்க வேண்டும் என்பது அரசின் முதல் கோரிக்கையாக அமைய வேண்டும். 1951இல் யுனெசுகோவின் துணையோடு தொடங்கிய தில்லிப் பொது நூலகத்திலும், சென்னையின் கன்னிமாரா நூலகத்திலும், அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும், மதுரையின் கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் அதற்கான கணினிகள் ஏற்கெனவே இருக்கின்றன.

தமிழ்நாட்டு அரசுக்கும் இதில் பங்குண்டு. நூலக வரி தண்டும் மாநிலம், அவ்வரி செலுத்துவோருக்காக ஒன்றிய அரசிடம் இவ்வுரிமையைக் கேட்டுப் பெறும் தகுதி உடையது. 1950களிலும் 60களிலும் பத்துத் தொகுதிகளாகத் தமிழில் கலைக்களஞ்சியம் கண்ட நாட்டில், பொருளியலிலும் உளவியலிலும் இன்று நடக்கும் ஆய்வுகளின் சுருக்கத்தையேனும் தமிழில் வெளியிடும் ஓர் இதழைப் பல்கலைக்கழகங்கள் கூடி நடத்த இயலாது என்பதை நாம் ஏற்க மாட்டோம். தில்லியில் வளரும் சமூகங்கள் ஆய்வு மையம் இந்தியில் ஒரு சமூக அறிவியல் ஆய்விதழ் நடத்துகிறது என்பது நம் பல்கலைக்கழகங்களின் கவனத்துக்கு உரியது.

ஆய்வாளர்களிடமும் ஒன்று கேட்கிறோம். உரிமை மாற்றப் படிவத்தில் கையொப்பமிடும் முன் அதைப் படியுங்கள். ஏற்கப்பட்ட கையெழுத்துப் படியைப் பொதுக் களஞ்சியத்தில் வைக்கும் உரிமையைத் தக்கவைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான பதிப்பகங்கள் அதற்கு இசைகின்றன. பதவி உயர்வுக் குழுக்களில் அமரும் மூத்த பேராசிரியர்கள், இதழின் பெயரையும் கட்டுரைகளின் எண்ணிக்கையையும் தள்ளிவைத்து, கட்டுரையைப் படித்து மதிப்பிடும் பழைய வழக்கத்துக்குத் திரும்ப வேண்டும். ஒன்றிய அரசின் ஒப்பந்தம் 2027 டிசம்பர் 31 அன்று முடிகிறது. அடுத்த பேரத்துக்கான ஆயத்தம் அதற்கு ஓராண்டு முன்னரேனும் தொடங்கியாக வேண்டும். நாடாளுமன்றத்தின் கல்விக்கான நிலைக்குழு, ஒப்பந்தத்தின் விதிகளையும் விலையையும் பொதுமக்கள் முன் வைக்குமாறு கல்வி அமைச்சகத்தை இப்போதே பணிக்க வேண்டும்.